ஐந்தும் ஐந்தும்

கனடாவின் மொன்றியல் நகரில், தன்னுடன் வேலை செய்பவர்களோடு மான் வேட்டைக்குப் போகவென்று தயாபரன் துவக்கு வாங்கிய நாளிலிருந்து, அவன் மனைவி சாம்பவி சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சனிக்கிழமை காலை, துவக்குக்குக் குண்டு போடும் வெறும் மகசின்கள் இரண்டை ஒன்றுக்கொன்று தலைகீழாக வைத்து அவன் ஒரு கிளிப்பால் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் வந்தாள்.

“இது சட்டத்துக்குச் சரியோ?”

துவக்கென்றாலே பயப்படுகிறவள் கேட்டதில் அவனுக்குச் சந்தோஷம். “ஒரு மகசினுக்குள்ள அஞ்சு குண்டுதான் போடலாம். ரெண்டைச் சேத்தாலும் ஒவ்வொண்டும் அஞ்சுதானே! ஒண்டு முடியத் திருப்பிப் போட்டால் மற்றது ரெடி.”

“சட்டம் சரி. ஆனா உதவாது.”

“ஏன்?”

“ஒண்டின்ர வாய் கீழ பாத்துக்கொண்டிருக்கும். குப்புறப் படுத்தால் மண் போகும். பிறகு அவசரத்துக்கு மாத்தினால் துவக்கு இறுகிப்போம்.”

தயாபரன் சிரித்தான். “யூடியூப்பில பாத்தனீரோ?”

“இல்லை. நாங்கள் மகசின் ரெண்டையும் ஒட்டுநாடா சுத்திக் கட்டுவம். மாலினிக்கு அப்பிடித்தான் இறுகினது. எனக்குப் பக்கத்தில கிடந்தவள்.”

அவன் கை நின்றுவிட்டது. இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் அவள் வன்னியில் படித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் கல்யாணம் பேசும்போது சொல்லியிருந்தார்கள்.

“நீர் புலிகளின்ர இயக்கத்தில இருந்தனீரோ?”

“ஓம். ஒண்டரை வருசம்.”

துவக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து அவளருகில் உட்கார்ந்தான். பத்து வருடம் தன்னோடு வாழ்ந்தவளிடம் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

“மாலினிக்கு அப்ப எத்தினை வயசு?” என்று மெல்லக் கேட்டான்.

“பதினெட்டு,” என்றாள் சாம்பவி. “எனக்குப் பதினேழு.”