யாரைக் கூப்பிட்டான்?

“ஒரே குண்டுதான் ஐயா. உங்க தம்பி கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிட்டார். வலியே தெரிஞ்சிருக்காது.”

வழிகாட்டி இப்படிச் சொன்னதும், அந்தப் பெரியவர் பதுங்குகுழியின் மண்மூட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டு விம்மினார். பிறகு, நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தவர்போல நிதானமாகப் படியேறிப் போனார்.

அத்தனையும் பொய். அந்தத் தம்பியை வழிகாட்டி கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

மேலே நின்றிருந்த நுழைவுச்சீட்டுக்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார். “அண்ணே, இன்னைக்கும் ஒருத்தரை வலிக்காம கொன்னுட்டீங்களா? உங்க பேச்சைக் கேட்டா, இந்தப் போர்ல எவனுக்குமே வலிக்கலை போலிருக்கே!”

“வலிச்சவன் போய்ச் சேந்துட்டான். உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்குடா வலி? போய் சீட்டைக் கிழி.”

சண்டை நடந்த மேட்டை, குழியும் முள்கம்பியுமாக அப்படியே விட்டுவைத்து நினைவிடம் ஆக்கியிருந்தார்கள். அங்கே சண்டை போட்டுப் பிழைத்தவர் என்பதால் அவருக்கு இந்த வேலை கிடைத்தது. குழிகளைச் சுற்றிக் காட்டுவதுதான் வேலை. ஆறுதல் சொல்வது அவராகச் சேர்த்துக்கொண்டது.

“ஐயா, அவர்கிட்ட சொன்ன மாதிரி எனக்கும் சொல்லிடாதீங்க.”

வழிகாட்டி திடுக்கிட்டுத் திரும்பினார். குழியின் வளைவில் ஓர் அம்மாள், மடக்கிய குடையை ஊன்றியபடி நின்றிருந்தாள். அவர்கள் பேசியது முழுவதும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“வாசல்ல சொன்னாங்க, நீங்களும் இவனோட படைப்பிரிவுதான்னு” என்று கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். நீட்டினாளே தவிர, விரல்கள் அதை விடவில்லை.

பார்த்ததுமே அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பாட்டுக்காரன்! காவலுக்கு நிற்கும்போதுகூட எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். அதற்காக அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்பி வரும்போதும் முணுமுணுத்துக்கொண்டே வருவான்.

“உங்க பையனாம்மா?”

“அஞ்சு வயசுலேருந்து இவனுக்குத் தலை வாரி விட்டவ நான். அந்தத் தலை கடைசியில எங்க சாஞ்சுதுன்னு தெரியாம தூக்கம் வரமாட்டேங்குது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. தாங்கிக்குவேன்.”

“என் மடியிலதாம்மா சாஞ்சுது. இதோ, இந்த இடத்துலதான்.”

முதல்முறையாக அவர் ஒரு சாவை உள்ளபடி சொன்னார். குண்டு வயிற்றில் பாய்ந்தது. வெளியே தலை தூக்க முடியாத அளவுக்குச் சண்டை. தூக்கிப் போக வழியில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று, துணியை நனைத்து உதட்டை மட்டும் துடைத்துவிட்டார்.

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். “பாடினானா?”

“முதல்ல ஏதோ முணுமுணுத்தான்மா. அப்புறம் முடியலை. பல்லைக் கடிச்சுக்கிட்டான்.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.” அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். “கடைசியில யாரைக் கூப்பிட்டான்?”

வழிகாட்டி தரையைப் பார்த்தார். கூப்பிட்டான், மூச்சு அடங்கும்வரை கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான். ஆனால் கூப்பிட்டது அம்மாவை இல்லை, வேறு ஒருத்தியை. சுமந்து பெற்றவள் எதிரில் வந்து நிற்கும்போது அதை எந்த வாயால் சொல்வது? பெற்ற வயிறு பற்றி எரியாதா? இத்தனை உண்மைக்கு நடுவே ஒரு பொய் இருந்துவிட்டுப் போகட்டும்.

“அம்மா, அம்மான்னுதான் கூப்பிட்டான். வேற பேச்சே இல்லை.”

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தார். அதுவோ, விளக்கை ஊதி அணைத்தாற்போல் இருண்டுபோனது.

“அதானே” என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. “பெத்தவளைத் தேடுறதுதானே முறை? அவ என் அக்காங்க. அவ கண்ணை மூடினதுக்கு அப்புறம் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனவ நான். எனக்குன்னு ஒண்ணு பெத்துக்கலை. இவன் ஒருத்தனே போதும்னு இருந்துட்டேன். சாகுறப்ப ஒரு தடவையாவது என்னை நினைச்சிருப்பானோன்னு ஒரு நப்பாசை... அவ்வளவுதான்.”

வழிகாட்டி பதறிப்போய் ஓரடி முன்னால் வந்தார்.

“ஐயோ, இல்லம்மா! நான் சொன்னது பொய்! ‘சித்தி, சித்தி’ன்னுதான் கூப்பிட்டான். அம்மாங்கிற வார்த்தையே அவன் வாயில வரலை. நீங்க பெத்தவங்கன்னு நினைச்சு, மனசு நோகுமேன்னு நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். சத்தியமாம்மா! அவன் கூப்பிட்டது உங்களைத்தான்!”

அந்த அம்மாள் புகைப்படத்தைப் பைக்குள் வைத்து மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையை ஒருமுறை பற்றி அழுத்தினாள்.

“உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுங்க.”