சிவப்பின் ஓரம்

மணிலாவில், வீக்கத்துக்கான புது மருந்தைச் சோதிக்கும் வார்டில் கிறிசாந்தோ தன்னார்வலராகச் சேர்ந்திருந்தான். மணிக்கட்டில் ஊசி போட்டார்கள். தோல் சிவந்தது. காலைதோறும் செவிலி மரிவிக் சிவப்பின் ஓரத்தில் நீலப் பேனாவால் கோடு வரைவாள்.

ஒருநாள் அவள் வருமுன்பே கோடு இருந்தது, முழங்கைக்கு மேலே.

“நீயே கிறுக்கிட்டியா தம்பி?”

“பேனா உங்ககிட்டதானக்கா இருக்கு?”

மாலைக்குள் சிவப்பு ஏறி அந்தக் கோட்டில் நின்றது. மறுநாள் கோடு தோளில் இருந்தது. சிவப்பு அங்கேயும் போய் நின்றது. அடுத்தது கழுத்து என்று அவன் தூங்கவில்லை.

விடிந்ததும் சட்டையைக் கழற்றிக் காட்டினான்.

“எங்கயும் புதுக்கோடு இல்லக்கா! பொழைச்சேன்! கருவாடு பொரிச்சாங்களா இன்னைக்கு?”

மரிவிக் கையுறையை மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் இருந்த நீலக் கோடு மறையவில்லை.