ஜன்னல் பக்கத்து நாற்காலி

“இந்த மூணு நாற்காலியையும் உன் இஷ்டத்துக்குப் போடும்மா. யார் எங்க உக்காரணும்னு நீதான் சொல்லணும்” என்றார் ஆலோசகர்.

மகள் எழுந்தாள். பன்னிரண்டு வயது. வயிற்றுவலி என்று அவள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத் தொடங்கி ஒரு பருவமே முடியப்போகிறது.

ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று. ஸ்கேனும் ஆயிற்று. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் வகுப்பு டீச்சர்தான் இந்த இடத்தைச் சொன்னார். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள், வந்திருந்தார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அரை நாள் விடுப்பில், சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான்.

“கவுன்சிலர்னா ரோடு போடுவாங்கன்னு நெனச்சேன். இவங்க நாற்காலி போடச் சொல்றாங்க” என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் எதற்கும் சிரித்துவிடுவாள். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்காகப் போனில் பதில் சொல்கிற வேலை. எதிர்முனையில் யார் எப்படிக் கத்தினாலும் அவள் குரலில் தேன் சொட்டும். உன் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம் என்று அவன் சொல்வான். அதற்கும் சிரிப்பாள்.

மகள் முதல் நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டாள். “இது அம்மாவுக்கு.”

இரண்டாவது, அலமாரி பக்கம். அப்பாவுக்கு.

மூன்றாவதை ஜன்னலுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அம்மாவைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்துகொண்டாள்.

நான்காவது மாடி. ஜன்னல் திறந்திருந்தது. வெளியே ஒரு மரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது.

“ஏன் அந்த இடம்?” என்று கேட்டார் ஆலோசகர்.

“காத்து வரும்.”

அப்பா சிரித்தான். வாலு, எங்கே போனாலும் நல்ல இடமாகப் பிடித்துவிடுவாள்.

அந்நேரம் வெயில் நகர்ந்து அம்மாவின் முகத்தில் அடித்தது. “திரையைக் கொஞ்சம் இழுத்துவிடட்டுமா, மேடம்?” என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்து ஜன்னலை நோக்கி இரண்டடி வைத்தாள்.

நாற்காலி தடாலென்று பின்னால் சாய்ந்தது.

மகள் அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துப்போகும் அளவுக்கு.

“விடுடி வாலு, அம்மாவுக்கு வலிக்கும்ல” என்றான் அப்பா.

அவள் விடவில்லை. மூச்சு வாங்கியது. ஓடி வந்தவள் மாதிரி.

ஆலோசகர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மிகவும் மெதுவாகக் கேட்டார். “அம்மா ஜன்னல்கிட்ட போனா என்ன ஆகும்?”

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. ஆலோசகரையும் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

“ஒருநாள் நீங்க வேலைக்குப் போனப்புறம், அம்மா பால்கனியில ஸ்டூல் மேல ஏறி நின்னாங்க. ரொம்ப நேரம்.”

“துணி எடுத்திருப்பாடா கண்ணு.”

“மழைப்பா. கொடியில துணியே இல்ல.”

அவன் மனைவி பக்கம் திரும்பினான். ஒட்டடை அடித்தேன் என்று அவள் சொன்னால் போதும். பல்பு மாற்றினேன் என்றாலும் போதும். ஒன்றும் சொல்லாமல் வழக்கம்போலச் சிரித்துவிட்டாலும் போதும், கூடச் சிரிப்பதற்கு அவன் உதடுகள் தயாராகவே இருந்தன.

அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ பாத்தியா?” என்றாள்.

அவ்வளவுதான்.

அவனுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஆலோசகரின் வாய் அசைவது தெரிந்தது, சொல் வந்து சேரவில்லை. உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

காலைதோறும் கெஞ்சியும் மிரட்டியும் பையை மகளின் முதுகில் மாட்டிவிட்டு, வாசல்வரை தள்ளிக்கொண்டு போனானே. வாசலில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். உள்ளே அம்மா போனில் யாருக்கோ இனிமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆலோசகர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“இன்னிக்கு நீங்க அவசரமாக் கிளம்ப வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் பேசலாம். தேவைப்பட்டா டாக்டரையும் இங்கயே வரச் சொல்றேன்” என்றார்.

அம்மா தலையசைத்தாள். போனில் பேசும் குரல் அவளிடம் இல்லை. எந்தக் குரலும் இல்லை. கண்ணீர் மட்டும், அவள் துடைக்காமலே, வழிந்துகொண்டிருந்தது.

“பாப்பா கொஞ்ச நேரம் வெளிய சோபாவுல இருக்கட்டுமே” என்றார் ஆலோசகர்.

மகள் அசையவில்லை.

அப்பா எப்படி எழுந்தான், எப்படி அந்த அறையைக் கடந்து வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

மகள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, தெரு தாண்டும்போது குழந்தையை ஒப்படைக்கிற மாதிரி, அம்மாவின் மணிக்கட்டை அவன் கைக்குள் வைத்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். பிடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“இனிமே நீங்க பாத்துக்கோங்கப்பா” என்றாள். “எனக்குத் தூக்கம் வருது.”