தாமதத்தையும் கூட்டிக்கணும்

"என்னங்க, மணி எட்டரை. ஒன்பதுக்கு ஆபீஸ்ல இருக்கணும்னு சொன்னீங்களே."

கண்ணைத் திறக்காமலே போனைத் தேடி எடுத்துப் பார்த்த இன்ஜினீயர், போர்வையை உதறிவிட்டு எழுந்தார். கிளை அலுவலகக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் நொடி பிசகாமல் ஒரே மணி காட்டுவதை இன்று முதலாளிக்கு நிரூபிக்க வேண்டும். பிந்தினால் பதவி உயர்வு பக்கத்து சீட்டுக்காரனுக்குப் போய்விடும்.

டாக்சியில்தான் சட்டைப் பொத்தானைப் போட்டார். இறங்கியபோது போனில் மணி 9.02. அலுவலகம் பூட்டியிருந்தது.

"முதலாளி வந்துட்டுப் போயிட்டாரா?"

வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "இப்பதான் சார் எட்டரை ஆகுது."

வீட்டுக்குப் போன் செய்தார். "என் போன் அரை மணி வேகமா ஓடுது."

"தெரியுமே. ராத்திரி நான்தான் மாத்தி வெச்சேன்," என்றாள் மனைவி.

"என்ன விளையாட்டு இது?"

"சாப்பிடறப்போ நீங்கதானே பாடம் எடுத்தீங்க? ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணுகிட்ட மணி கேட்டா, பதில் வந்து சேர ஆகுற தாமதத்தையும் கூட்டிக்கணும்னு."

"அது கம்ப்யூட்டருக்கு."

"நான் எழுப்பினா நீங்க எழுந்திரிக்க தினமும் அரை மணி ஆகுது. அதைக் கூட்டினேன். இன்னைக்குன்னு பார்த்து உடனே எழுந்திரிப்பீங்கன்னு நான் கண்டேனா?"