வந்த இடத்துப் பேச்சு

"வாழ வந்த ஊர் பாஷையை முதல்ல கத்துக்கணும். இதுல சாக்குப்போக்கே கிடையாது!" என்றாள் மி-ரான். சியோலில் முப்பது வருஷம் கொரிய மொழி ஆசிரியை. ஓய்வு பெற்றதும் ஜெஜு தீவில் குடியேறியவள்.

"யாரைச் சொல்றே?" என்றார் கணவர்.

"பக்கத்து வீட்டு வியட்நாம் மருமக லியெனைத்தான். வந்து ஒரு வருஷமாச்சு. அவ பேசறது ஒரு எழவும் புரியல."

கடற்கரையில் லியெனின் மாமியார், தான் முக்குளித்து எடுத்த சங்குகளைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லியென்.

"ரெண்டு கூறு குடுங்க" என்றாள் மி-ரான்.

மாமியார் ஏதோ கேட்டாள். மி-ரான் விழித்தாள். மாமியார் உரக்கக் கேட்டாள். மி-ரான் இன்னும் விழித்தாள்.

லியென் மாமியாரிடம் அதே தீவுப் பேச்சில் மளமளவென்று ஏதோ சொல்லிவிட்டு, டி.வி. பார்த்துக் கற்ற சியோல் கொரியனில் தட்டுத்தடுமாறினாள். "ஓட்டோட வேணுமா, உடைச்சுத் தரணுமான்னு அத்தை கேக்கறாங்க, டீச்சர்."

மாமியார் மேலும் ஏதோ சொல்ல, சுற்றியிருந்த முக்குளிப்புக்காரிகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"இப்ப என்னவாம்?"

லியென் தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர்... 'தீவுக்கு வந்து மூணு வருஷமாச்சு, இந்த சியோல்காரி எப்பத்தான் நம்ம பாஷையைக் கத்துக்கப் போறா'ன்னு கேக்கறாங்க."