பஞ்சாரத்துக்குள் புள்ளி

ஆனி பதினெட்டாம் தேதி காலை, முற்றத்தில் மூன்று குஞ்சுகளைக் காணவில்லை. கீரியின் வேலை. அன்றே கினிக்கோழி புள்ளியின் மேல் பஞ்சாரம் கவிழ்க்கப்பட்டது. நாட்டுக்கோழிகள் எப்போதும்போல் வெளியே மேய்ந்தன.

புள்ளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னை மட்டும் ஏன் தம்பி அடைச்சீங்க?" என்று காவல் நாயிடம் கேட்டது.

"கோவிச்சுக்காதே அக்கா, எல்லார் பாதுகாப்புக்கும்தான். நீ கத்தும்போதெல்லாம் கீரி வருதே!"

"அது வர்றதைப் பார்த்துத்தானே கத்துறேன்?"

"உன் கத்தல் எங்க யாருக்கும் புரியல. கீரிக்கு என்ன சேதி சொல்றியோ, யாரு கண்டா?"

"நான் பொரிஞ்சதும் இதே முற்றத்துலதானடா!"

"தெரியும். ஆவணி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. திறந்துவிடச் சொல்றேன்."

புள்ளி வாயை மூடிக்கொண்டது. ஆடியில் ஒரு மத்தியானம் வேலி அசைந்தது. மூங்கில் இடுக்கு வழியே கீரி தெரிந்தது. அதற்கு எட்டும் தூரத்தில் வெள்ளைக்கோழியின் குஞ்சுகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. கத்தினால் விடுதலை போய்விடும். புள்ளி அலகை இறுக்கிப் பார்த்தது. முடியவில்லை; தொண்டை கிழியக் கத்தியது.

நாய் நாலுகால் பாய்ச்சலில் பஞ்சாரத்துக்கு ஓடி வந்தது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கூடையைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. அதன் முதுகுக்குப் பின்னால் கீரி ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு நிதானமாக வேலியைத் தாண்டியது.

ஆவணி முதல் தேதி பஞ்சாரத்தின் மேல் ஒரு கல் வைக்கப்பட்டது.