சுக்கு போட்ட ஜப்பான் இனிப்பு

“அக்கா, நீ சுவரோரமா உக்காரு. நான் இந்தப் பக்கம் இருக்கேன்,” என்றான் நல்லமுத்து.

இலங்கை மலையகத்தின் கொட்டகலை பஜாரில் அலியார் புதிதாகத் திறந்திருந்த கேக் கடையில் அப்போது மூன்றே பேர். சுவரோரம் வெள்ளைச் சேலையில் காளியாயி, எதிரே அவள் தம்பி நல்லமுத்து, கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் அலியார். அலமாரியில் ஒரு தட்டில் கேக். இன்னொன்றில் மாவு தூவிய வெள்ளை உருண்டைகள்.

“நாளைக்கு எங்க அக்கா மகளுக்குப் பரிசம், நானா. தட்டுல வைக்க நல்லதா குடுங்க. தகப்பனைப் பறிகொடுத்த புள்ளன்னு மனசு எளகித்தான் சம்பந்தி சம்மதிச்சிருக்காரு,” என்றான் நல்லமுத்து அலியார் நானாவிடம்.

“அப்ப இதைத் தின்னு பாருங்க. ஜப்பான் இனிப்பு. சண்டைக் காலத்துல மலாயாவுல, ஜப்பான்காரன் குசினியில சமையலுக்கு நின்னப்ப பழகினது.”

“கொழுக்கட்டையைக் கப்பல்ல ஏத்தி எறக்குனா ஜப்பான் இனிப்பா?” என்று சிரித்துக்கொண்டே கடித்த நல்லமுத்து, மெல்லுவதை நிறுத்தினான். “உள்ள பயறு... சுக்கு... அக்கா, இது உன் கை ருசி.”

“ஜப்பான்காரன் சுக்கு போட மாட்டான்,” என்றார் அலியார் பெருமையாக. “எங்கூட மாவு இடிச்ச ஆளு சொல்லிக் குடுத்தது. அவரு வீட்டுல இப்படித்தானாம். இந்தப் பக்கத்து ஆளுதான், மாயாண்டின்னு பேரு.”

நல்லமுத்துவின் கையிலிருந்த உருண்டை மேசையில் விழுந்தது. “அவரு எங்க மச்சான். மலாயாவுக்கு வேலைக்குப் போயி, ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் ரோட்டுல செத்துப் போனாரே.”

“செத்தாரா? போன வருஷம் நான் கப்பல் ஏறக்குள்ள பினாங்குக்கு வந்து வழியனுப்பினாரே.”

சண்டை முடிந்த மறு வருடம் மாயாண்டிக்குக் காரியம் செய்து, அக்காவின் தாலியைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றவன் நல்லமுத்து. காளியாயியின் முகத்தில் அசைவே இல்லை. உறைந்துவிட்டாள் என்று பயந்தான்.

“அழுதுரு அக்கா. இப்பவே கடுதாசி போடுறேன். கல்யாணத்துக்கு மச்சானே வந்து நிக்கட்டும்.”

அலியார் தாளும் தபால்தலை ஒட்டிய உறையும் கொடுத்தார்.

“நான் சொல்றதை எழுது,” என்றாள் காளியாயி. “மகளுக்குக் கல்யாணம். நீங்க வர வேணாம். இங்க நீங்க செத்தது செத்ததாவே இருக்கட்டும்.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“எழுதுடா.”

எழுதி, உறையிலிட்டு ஒட்டினான். “மேல்விலாசம் சொல்லுங்க நானா.”

அலியார் தலையைக் குனிந்துகொண்டார். காளியாயிதான் சொன்னாள்.

“அவரு பேருக்குப் போடாத. ராசம்மா, கம்பத்து வீதி, ஈப்போன்னு போடு. அங்க அவரு கட்டிக்கிட்டவ.”

நல்லமுத்து சொன்னபடியே எழுதினான். எழுதி முடித்த உறையை அவன் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு அவள் எழுந்தாள்.

“காரியத்துக்கு முந்தியே அவ கடுதாசி எனக்கு வந்திருச்சு. விட்டுட்டுப் போனவன் மகளுக்கு யாருடா பரிசம் போடுவாங்க?” என்றபடி வாசலில் இருந்த தபால் பெட்டியில் உறையைப் போட்டாள்.